கலத்தின் எல்லையில் வாங்கிகள் நிற்கும் இடம்



சென்ற தவணையில் எமது பாடசாலையின் உயிரியல் ஆசிரியர் சில நாட்கள் விடுமுறையில் இருந்தார். உயர்தர வகுப்பு மாணவரை வாளாவிருக்க விடுதல் தகாது எனக் கருதி அவ்வகுப்புக்கு நானே சென்றேன். நான் கலைப் பட்டதாரி; வரலாறும் தமிழும் கற்பித்துத் தலை நரைத்தவன். ஆகவே, கற்பிப்பதற்குச் சென்றேன் என்று சொல்வதிலும், மாணவர் பாடநூலை வாசிக்கக் கேட்பதற்குச் சென்றேன் என்று சொல்வதே உண்மையாகும். அன்று வந்த பாடம் கலத்தைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வைப் பற்றியது. நூலிலிருந்த படத்திலே, பொங்கலில் பயறு கிடப்பதுபோலப் புரதங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்டப்பட்டிருந்தன. மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இந்தப் புரதங்கள் எங்கே வேண்டுமானாலும் நிற்குமா? அல்லது ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டா?" என்று வினவினாள். நாளை சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வருவதற்கு மூன்று வாரம் சென்றது. அம்மூன்று வாரத்தில் நான் தேடிப் படித்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நம் உடல் எண்ணிறந்த கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு போர்த்தியிருக்கின்றது. ஒரு மில்லிமீற்றரை நூறாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எத்துணைச் சிறியதோ, அதனினும் மெல்லியது அச்சவ்வு. உள்ளே இருப்பதை வெளியே சிந்தாமற் காப்பதும், வெளியே இருப்பனவற்றுள் வேண்டியதை மட்டும் உள்ளே விடுவதும் அதன் தொழில்கள். இவற்றினும் நுட்பமான தொழிலொன்று உண்டு. இன்சுலின் போன்ற ஓமோன்கள் இரத்தத்திலே வரும்போது, வந்தது இன்னதென அறிந்து உள்ளே செய்தி அனுப்புதலே அது. இத்தொழிலைச் செய்யும் புரதங்களை வாங்கிகள் என்பர். பூட்டுக்குத் திறப்புப் போல, ஒவ்வொரு வாங்கியும் தனக்குரிய பொருளை மட்டுமே பற்றும்.

மென்சவ்வு எதனால் ஆனது என்ற கேள்விக்கு முதல் நல்ல விடையை அளித்தவர்கள் ஒல்லாந்து நாட்டு லைடன் நகரத்து ஆய்வாளர்களான கோர்ட்டர், கிரெண்டெல் என்னும் இருவர். செங்குருதிக் கலத்தினுள்ளே வேறு சவ்வு எதுவும் இல்லை. ஆதலால் அதிலுள்ள கொழுப்புப் பொருள் முழுவதும் மேற்சவ்விலிருந்தே வந்திருத்தல் வேண்டும். 1925ஆம் ஆண்டில் அவர்கள் அக்கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேற் பரப்பினர். அது கலங்களின் மொத்தப் பரப்பைப்போல் இருமடங்கு இடத்தை மூடிற்று. எனவே சவ்வு இரண்டு படைகளைக் கொண்டது என முடிவு செய்தனர். முடிவு சரியே, கணக்குத்தான் பிழை. கொழுப்பு முழுவதும் பிரிந்து வரவில்லை. கலத்தின் பரப்பையும் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்தமையால் உண்மை வெளிப்பட்டது. எம் மாணவர் சிலரின் கணித விடைத்தாள்களில் இவ்வாறு நிகழ்ந்தால் நான் புள்ளி இடுவதில்லை!

இரு படைகளும் அவ்வாறு அமைந்ததற்குக் காரணம் எளியது. கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையொன்றும் நீரை வெறுக்கும் வாலிரண்டும் உள. உள்ளும் புறமும் நீராக இருக்கும்போது, தலைகள் நீரை நோக்கி நிற்க, வால்கள் நடுவே மறைந்துகொள்ளுகின்றன. இதற்கு எவரும் கட்டளையிட வேண்டியதில்லை.

அப்படியாயின் புரதங்கள் எங்கே இருக்கின்றன? அவை இரு படைகளுக்கும் மேலும் கீழும் பூச்சுப்போலப் படிந்துள்ளன என்று 1935ஆம் ஆண்டில் டானியெலி, டேவ்சன் என்போர் கூறினர். நெடுங்காலம் அதுவே பாடமாயிற்று. அது மாறுவதற்கு உதவியவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிறை, எடிடின் என்னும் இருவர் செய்து 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பரிசோதனை. மனிதக் கலம் ஒன்றையும் எலிக் கலம் ஒன்றையும் ஒரு வகை வைரசின் துணைகொண்டு ஒன்றாக இணைத்தனர். மனிதப் புரதங்களுக்கு ஒரு நிறமும் எலிப் புரதங்களுக்கு வேறு நிறமுமாக ஒளிரும் சாயங்களைப் பிறபொருளெதிரிகள்மூலம் ஏற்றினர். இணைந்தவுடன் ஒரு பாதி சிவப்பாகவும் மறுபாதி பச்சையாகவும் தோன்றிற்று. உடல் வெப்பநிலையில் நாற்பது நிமிடம் வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலான கலங்களில் இரு நிறங்களும் மேற்பரப்பு எங்கும் கலந்திருந்தன. குளிரில் வைத்தவற்றில் அவ்வாறு கலக்கவில்லை. புரதங்கள் ஆணியடித்து வைத்தவை அல்ல, எண்ணெயில் மிதப்பனபோல் அவை அசைகின்றன என்பது தெளிவாயிற்று. 1972ஆம் ஆண்டில் சிங்கர், நிக்கல்சன் என்போர் இதனையும் இதுபோன்ற பிற சான்றுகளையும் தொகுத்து, பாய்மச் சித்திரவடிவ மாதிரியுரு என்பதனை வகுத்தனர். எமது பாடநூலின் படம் அதன் வழிவந்ததே. மென்சவ்வு பெரும்பாலும் ஒழுங்கற்ற கடல். அதில் புரதங்கள் தோணிகளாக மிதக்கின்றன என்பதே அதன் சாரம்.

நேயர்களே, அம்மாணவியின் கேள்வி இந்த இடத்திலேதான் தொடங்குகின்றது. தோணிகள் காற்றடித்த பக்கமெல்லாம் போகுமாயின், ஒரு துறைமுகத்தில் அவை எவ்வாறு கூடி நிற்கும்?

எளிய சான்று நம் குடலிலே உண்டு. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலைக் கொடுக்கின்றோம். குடற் கலத்தில், உணவு செல்லும் பக்கத்தை நோக்கிய முகத்தில் நிற்கும் ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே இழுக்கின்றது. இரத்தத்தை நோக்கிய மறுமுகத்தில் வேறு புரதங்கள் நின்று அவற்றை அப்பால் அனுப்புகின்றன; நீரும் பின்தொடர்கின்றது. இரு கூட்டமும் ஒரே முகத்தில் கலந்து நின்றால் குளுக்கோசு வந்த வழியே திரும்பிப் போகும். கரைசலால் பயன் இராது. அடுத்தடுத்த கலங்களை இறுகப் பிணைக்கும் ஓரச்சந்திகள் ஒரு வேலியாக அமைந்து, ஒரு முகத்துப் புரதம் மறுமுகத்துக்கு நழுவாமற் காக்கின்றன.

இத்தகைய பெருவேலி இல்லாத கலங்களிலும் சிறுவேலிகள் உள. யப்பானிய விஞ்ஞானி குசுமியும் அவர்தம் குழுவினரும் தனித்தனி மூலக்கூறுகளில் நுண்ணிய பொற்றுணிக்கைகளை ஒட்டி, வினாடிக்கு 40,000 படம் எடுக்கும் கருவியால் அவற்றின் நடமாட்டத்தைத் தொடர்ந்தனர். 2002ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பானது. மூலக்கூறு ஒரு சிறு அறையினுள் அங்குமிங்கும் அலைகின்றது. பின் திடீரெனப் பக்கத்து அறைக்குத் தாவுகின்றது. சவ்வின் அடியிலே குழியவன்கூடு என்னும் நார்ச்சட்டம் இருக்கின்றது. அதிற் கட்டுண்ட புரதங்கள் வேலிக் கதியால்கள்போல் வரிசையாய் நிற்பதே இதற்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினர். கடல் என்று நாம் எண்ணியது, வரம்பு கட்டிய வயலாகவும் இருக்கின்றது.

இனி, இடம் தவறுவதால் நேரும் கேட்டைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். இங்கே பேசப்படுவது உயிர் பற்றிய காரியம்.

கொலஸ்திரோல் என்ற சொல்லை அறியாத வீடு இன்று இல்லை. அது தானாக இரத்தத்திற் கரையாது; அடர்த்தி குறைந்த இலிப்போபுரதம் என்னும் துணிக்கைகளில் ஏறியே பயணம் செய்கின்றது. கலங்கள் அத்துணிக்கையை உள்ளெடுத்து வேண்டியவாறு பயன்படுத்துகின்றன. சில குடும்பங்களில் பிறப்பிலேயே இந்த ஏற்பாடு குன்றியிருக்கும். பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் குறையுள்ள பரம்பரையலகைப் பெற்றோர், ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவர் உளர். இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைகள் மிக அரியர். அவர்களுக்குச் சிறு வயதிலேயே இருதய நாடிகள் அடைபடும். பத்து வயதுப் பிள்ளைக்கு மாரடைப்பு வருவதை நினைத்துப் பாருங்கள்.

ரெக்சாசு மாநிலத்து டலசு நகரில் மைக்கேல் பிறவுண், ஜோசப் கோல்ட்ஸ்ரீன் என்னும் மருத்துவர் இருவர், இத்தகைய நோயாளரின் தோற்கலங்களை ஆராய்ந்து, அந்தத் துணிக்கையைப் பற்றும் வாங்கியொன்று உண்டென 1970களின் முற்பகுதியிற் கண்டனர். 1985ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்நோயாளர் பலரிடத்தில் அவ்வாங்கி அறவே இல்லை. வேறு சிலரிடத்தில் இருந்தும் துணிக்கையைப் பற்றவில்லை. இவை எளிதில் விளங்குவன. ஆயின் ஒரு நோயாளியின் கலங்கள் அவர்களைத் திகைக்க வைத்தன. அவற்றில் வாங்கி இருந்தது. துணிக்கையைச் செவ்வனே பற்றியும் கொண்டது. ஆனால் பற்றியது பற்றியபடி வெளியிலேயே நின்றது, உள்ளே செல்லவில்லை.

காரணத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டிற்று. கலத்தின் மேற்பரப்பிலே இடையிடையே சிறு பள்ளங்கள் உள. அவற்றின் உட்புறத்தில் கிளாத்திரின் என்னும் புரதம் கூடைப்பின்னல்போல் உறையிட்டிருக்கும். அப்பள்ளம் ஆழ்ந்து, குமிழாகப் பிரிந்து, தன்னிடத்துள்ளவற்றோடு கலத்தினுட் செல்லும். நோயற்றவரின் தோற்கலங்களில் இப்பள்ளங்கள் மேற்பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கையே பிடித்திருந்தன; ஆனால் வாங்கிகளில் நூற்றுக்கு 50 முதல் 80 வரை அந்த இரண்டு பங்கினுள்ளே கூடி நின்றன. அந்த நோயாளியின் வாங்கிகளோ மேற்பரப்பெங்கும் சிதறிக் கிடந்தன. பேரூந்துத் தரிப்பிடத்தை விட்டு வீதி நெடுகிலும் தனித்தனியே நிற்கும் பயணிகளை எந்த வண்டி ஏற்றிச் செல்லும்? அன்டர்சன் என்பாரோடு சேர்ந்து அவர்கள் இதனை 1977ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குற்றம் எங்கே என்பது 1986ஆம் ஆண்டில் தெரிந்தது. வாங்கிப் புரதம் 839 அமினோ அமிலங்களாலான சங்கிலி. அதன் வாற்புறம் கலத்தினுள்ளே நீட்டிக்கொண்டிருக்கின்றது. அவ்வாலில் 807ஆம் இடத்தில் தைரோசின் இருக்க வேண்டிய இடத்தில் சிசுத்தெயின் இருந்தது. எழுத்தொன்று மாறியதால் முகவரி கெட்ட கடிதத்தைப்போல, அவ்வாங்கி பள்ளத்தைச் சென்றடையும் குறிப்பை இழந்துவிட்டது.

நோயற்ற கலத்தில் அதே வாங்கி துணிக்கையோடு உள்ளே சென்று, அதனை இறக்கிவிட்டு, ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் மீண்டும் மேற்பரப்புக்கு வந்துவிடும். நேயர்களிற் பலர் இரவில் விழுங்கும் கொலஸ்திரோல் மாத்திரையும் இவ்வாங்கியைக் கொண்டே பெரிதும் பயன் தருகின்றது. ஈரற் கலம் தானாகக் கொலஸ்திரோல் செய்வதை மாத்திரை குறைக்கின்றது. பற்றாக்குறை கண்ட கலம் கூடுதலான வாங்கிகளைத் தன் முகத்தில் நிறுத்தி, இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளுகின்றது. நானும் அம்மாத்திரையை விழுங்குபவன்தான். இதையறிந்த பின்னர் அதனை மறப்பதில்லை.

நரம்பு தசையைத் தொடும் இடமும் இத்தகையதே. நரம்பு முனையிலிருந்து வரும் அசற்றைல்கோலின் என்னும் பொருளுக்குரிய வாங்கிகள், அச்சந்தியில் ஒரு சதுர மைக்கிரோமீற்றருக்குப் பத்தாயிரம் அளவில் நெருங்கி நிற்கின்றன. சற்று அப்பாற் சென்றால் அதே தசைநாரில் அவை மிகச் சிலவே. நரம்பை வெட்டிவிட்டால், சில நாட்களில் நார் முழுவதும் வாங்கிகள் பரவுவதாகக் கண்டனர். நரம்பு முனை அனுப்பும் அகிரின் என்னும் புரதமும், உள்ளிருந்து வாங்கிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ராப்சின் என்னும் புரதமும் இந்தக் கூட்டத்தைக் காக்கின்றன. சிலருக்கு மாலை வேளையில் கண்ணிமை தானாகச் சோர்ந்து விழும், பேச்சுக் குழறும். தசைத் தளர்ச்சி நோயான அதில், உடலின் பிறபொருளெதிரிகள் இவ்வாங்கிகளையோ, அவற்றைக் கூட்டிவைக்கும் புரதங்களையோ தாக்குகின்றன. முதுமையின் களைப்பென்று எண்ணி வீட்டில் வைத்திருக்காமல் அத்தகையோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும், மருந்து உண்டு.

கொழுப்பு மூலக்கூறுகளும் தமக்குள்ளே சிறு தெப்பங்களாகத் திரண்டு சில வாங்கிகளை ஏற்றி நிற்கின்றன என்று 1997ஆம் ஆண்டில் சைமன்ஸ், இக்கோனன் என்போர் வலியுறுத்தினர். உயிருள்ள கலத்தில் அத்தெப்பங்கள் எத்துணைப் பெரியன, எவ்வளவு நேரம் நிலைப்பன என்பதில் அறிஞர் இன்னும் வழக்காடுகின்றனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் தகுதியுடையவன் அல்லன்.

மூன்று வாரம் கழித்து அவ்வகுப்புக்கு மீண்டும் சென்றேன். பாடநூலின் படத்தைக் கரும்பலகையில் வரையுமாறு அம்மாணவியிடமே கூறினேன். வரைந்தாள். பின், சிதறிக் கிடந்த புரதங்களிற் பாதிக்குமேல் துடைப்பானால் அழித்துவிட்டு, ஒரு பள்ளத்தை வரைந்து அதனுள்ளே அவற்றை நெருக்கமாக இடச் சொன்னேன். சவ்வின் அடியிலே ஒரு வேலியும் கீறினோம். பின் வரிசையிலிருந்த ஒரு பையன், "சோதனையில் இப்படிக் கீறினால் புள்ளி தருவார்களோ, சேர்?" என்றான். விடுமுறை முடிந்து வந்திருந்த உயிரியல் ஆசிரியர் வாயிலிலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பள்ளத்துக்குப் பெயரும் குறித்தால் தருவார்கள்" என்று சொல்லிக்கொண்டு வந்து, வெண்கட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.