விறகா, காஸா: கரிசல் வீட்டு அடுப்புக் கணக்கு

மாசி, பங்குனியில் தூத்துக்குடி மாவட்டப் புதூர் வட்டாரத்தில் எந்தக் கிராமத்துக்குள் போனாலும் வீட்டுச் சுவரோரம் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே மிளகாய்மாரும் துவரைமாரும், வெட்டிக் காயப்போட்ட வேலிக்கருவையும் கிடக்கும். அதே வீட்டுக்குள் சமையல் மேடையில் இரட்டை பர்னர் காஸ் அடுப்பும் இருக்கும். மானாவாரிக் கரிசலில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், விறகுக்கு இல்லை. அதனால் புது வீடு கட்டுகிறவர்களுக்கு இன்றும் ஒரு யோசனை வருகிறது. உள்ளே விறகடுப்புக்கு ஒரு மேடை விடலாமா, காஸ் மட்டும் போதுமா? நெருப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்துகொண்டால் இதற்குப் பதில் சொல்லிவிடலாம்.

விறகு எரிகிறது என்கிறோம். நாம் பார்க்கும் சுவாலையில் எரிவது கட்டை அல்ல, கட்டையிலிருந்து கிளம்பும் வாயு. விறகு சூடேறும்போது முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகும். சூடு 200, 300 டிகிரி செல்சியஸைத் தொடும்போது மரத்தின் நார்ப்பொருள் சிதைந்து, தீப்பிடிக்கும் வாயுக்களும் தார் ஆவியும் வெளிவரும். காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி வாயுவாகவே போய்விடுகிறது. மிஞ்சுவது கரி. அது சுவாலை இல்லாமல் கங்காகக் கனன்று சாம்பலாகும். ஆக, விறகடுப்பும் ஒரு காஸ் அடுப்புதான். தனக்கு வேண்டிய காஸைத் தானே உண்டாக்கி, உண்டான இடத்திலேயே எரிக்கிற அடுப்பு.

அந்த வாயு மிச்சமில்லாமல் எரிய வேண்டுமானால் சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடு இருக்க வேண்டும், போதுமான காற்று வேண்டும், வாயுவும் காற்றும் கலந்து எரிய நேரமும் வேண்டும். வீட்டு அடுப்பில் இவை ஒன்றுசேர்வது அபூர்வம். குளிர்ந்த பானையின் அடி பட்டதுமே சுவாலையின் சூடு இறங்கிவிடுகிறது. அடுப்பின் வாய் நிறைய விறகைத் திணித்தால் காற்று உள்ளே போக வழியில்லை. எரியாமல் தப்பிய வாயுவும் தாரும் கரித்துகளும் சேர்ந்ததுதான் புகை. ஊதுகுழலால் ஊதியதும் புகை அடங்கிச் சுவாலை குப்பென்று எழும். அந்த இடத்தில் அதுவரை குறைவாக இருந்தது காற்று. புகை என்பது வீணாகப் போகும் எரிபொருள். அது நேரே போய்ச் சேருவது அடுப்படியில் குனிந்திருக்கும் பெண்ணின் நுரையீரலுக்கு.

ஈர விறகு இந்தக் குறையைப் பெரிதாக்கும். அன்று வெட்டிய மரத்தில் எடையில் பாதிவரை தண்ணீராகவே இருக்கக்கூடும். எரிகிற சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. அது சிறு நஷ்டம். பெரிய நஷ்டம், அடுப்பின் உட்சூடு குறைந்து வாயு எரியாமலே வெளியேறுவது. ஒரு கோடை முழுக்கக் காய்ந்த விறகில் ஈரம் 15, 20 சதவீதத்துக்கு வந்துவிடும். கரிசல் காட்டுச் சித்திரை வெயில் இந்த வேலையைச் செலவில்லாமல் செய்து தருகிறது. மழைக்கு முன்பே விறகை எடுத்துக் கூரைக்கடியில் வைத்துவிட்டால் போதும்.

காஸ் அடுப்பில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. வாயு முன்கூட்டியே தயாராகிச் சிலிண்டருக்குள் திரவமாக அடைபட்டிருக்கிறது. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்து அனுப்ப, அடுப்புக் குமிழுக்குப் பின்னாலுள்ள சின்னத் துளை வழியாக வாயு பீறிட்டு ஒரு குழாய்க்குள் பாய்கிறது. பாயும் வேகத்தில் பக்கத்துத் திறப்பிலிருந்து காற்றையும் இழுத்துக்கொண்டு, பர்னரின் துளைகளுக்கு வரும்போதே கலந்த நிலையில் வருகிறது. நீலச் சுவாலை அந்தக் கலவை சரியாக இருக்கிறது என்பதன் அடையாளம். மஞ்சளாகத் தாவி எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை, பர்னரைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அர்த்தம். விறகடுப்பில் ஊதுகுழலும் அனுபவமும் சேர்ந்து அரைகுறையாகச் செய்கிற வேலையை இங்கே ஒரு துளையின் அளவு செய்து முடிக்கிறது.

இப்போது கணக்கு. ஒரு கிலோ காஸில் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. காய்ந்த விறகில் கிலோவுக்கு 4,000 அளவில்தான். ஆனால் பானைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்பதுதான் முக்கியம். மூன்று கல் கூட்டிய அடுப்பிலும் சாதாரண மண் அடுப்பிலும் 10 முதல் 15 சதவீதம்தான் பானைக்குச் சேர்கிறது. காஸ் அடுப்பில் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை மூன்று கல் அடுப்பில் செய்ய ஏறக்குறைய 200 கிலோ விறகு வேண்டும். அதையே நல்லமுறையில் கட்டிய அடுப்பில், 25 சதவீதம் சேரும்படி எரித்தால், 100 கிலோவுக்குள் முடிந்துவிடும். அடுப்பின் வடிவம் மாறினாலே விறகு பாதியாகிறது என்பது இந்தக் கணக்கில் நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். காட்டுக்குப் போய் முள் வெட்டி, கட்டி, தலைச்சுமையாக வீடு கொண்டுவந்து சேர்க்கும் உழைப்பும் பாதியாகும். அந்த உழைப்புக்கு இதுவரை யாரும் விலை போட்டதில்லை.

குளிர்தேசங்களில் வீட்டுக்குள் கணப்பு வைப்பவர்களுக்கும் இதே கேள்விதான்: விறகா, காஸா? உதகையிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் சுவருக்குள் கட்டிய கணப்புகளைப் பார்க்கலாம். திறந்த கணப்பில் விறகு எரித்தால் வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்கு வராமல் புகைபோக்கி வழியே போய்விடும். அழகுக்கு விறகு, கதகதப்புக்குக் காஸ் என்றுதான் அங்கேயும் தீர்ப்பு சாய்கிறது. மலைக்குப் போகிறவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்கி உயிர்விட்டவர்களைப் பற்றிய செய்தி மறுபடி மறுபடி வருகிறது. கங்கு புகையாமல் கனலும்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

விறகடுப்பைத் திருத்தும் முயற்சிகள் நம் நாட்டில் எழுபது ஆண்டுக்கு மேலாக நடக்கின்றன. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். கோடிக்கணக்கானவர்களுக்கான புகையில்லாச் சமையலறை பற்றி அவர் எழுதிய நூல் 1953இல் சென்னையில் வெளியாயிற்று. மூடிய அடுப்பு, வரிசையாகப் பாத்திரக் குழிகள், கூரைக்கு மேலே புகைபோக்கி என்பது அதன் அமைப்பு. 1980களில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கென்று தேசியத் திட்டமே தொடங்கி, 2002 வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. புகைபோக்கியில் அடைத்த கரியைச் சுத்தம் செய்ய ஆள் இல்லை. விரிசல் விட்டால் பூச மண் பதம் தெரிந்தவர் இல்லை. எத்தனை அடுப்பு கொடுத்தோம் என்று எண்ணினார்களே தவிர, எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ணியது குறைவு. கொடியடுப்பு போட்டுப் பழகிய கிழவிகளிடம் முதலில் கேட்டிருந்தால் பாதிக் கோளாறு அப்போதே தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மேம்பட்ட அடுப்பு விட்ட இடத்தைக் காஸ் பிடித்தது. 2006இல் அமைந்த தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசக் காஸ் அடுப்பும் இணைப்பும் வழங்கியது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் புகையற்ற எரிபொருளில் சமைத்தன. இந்திய அளவில் இது 59 சதவீதம். ஆனால் இந்தக் கணக்கு முதன்மை அடுப்பை மட்டும்தான் சொல்கிறது. வெந்நீர் போட, நெல் அவிக்க, விசேஷத்துக்குப் பெரிய அண்டாவில் பொங்க, சிலிண்டர் தீர்ந்த வாரத்தை ஓட்ட என்று விறகடுப்பு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

புகையின் தீங்கு பற்றி ஐயம் வேண்டாம். வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நிமோனியா, நாள்பட்ட மூச்சடைப்பு, இதயநோய், பக்கவாதம், கண்புரை எல்லாம் புகையோடு தொடர்புள்ள நோய்களின் பட்டியலில் உண்டு. இது பற்றிய ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்குப் பங்கு இருக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு சோதனையில் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டார்கள். இந்தியப் பங்கேற்பாளர்கள் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டத்தவர்கள். பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் 18 மாதம் இலவசக் காஸும் கொடுத்தார்கள். விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, காஸுக்கு மாறியவர்களுக்கு அது 24 ஆகக் குறைந்தது. ஆனால் 2022இல் வெளியான முடிவில், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கர்ப்பம் தரித்துச் சில மாதம் கழித்துத்தான் காஸ் வந்தது, தெருப்புகையும் பக்கத்து வீட்டுப் புகையும் நிற்கவில்லை என்று பல விளக்கங்கள் உண்டு. இந்த முடிவை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கண்ணெரிச்சலும் இருமலும் இல்லாமல் ஒரு பெண் சோறு வடிப்பதற்குக் குழந்தையின் எடைக்கணக்கு சாட்சி சொல்ல வேண்டியதில்லை. 70லிருந்து 24க்கு இறங்கியதே போதுமான காரணம்.

அதற்காக விறகைக் குற்றவாளியாக்கவும் கூடாது. காஸ் மண்ணுக்கடியிலிருந்து வருவது. நாம் எரிப்பதில் பாதிக்குமேல் இறக்குமதி. ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோ அளவுக்குக் கரியமில வாயு உண்டாகும். வேலிக்கருவை வெட்ட வெட்டத் தழைப்பது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1877 வாக்கில் சென்னை மாகாணத்தில் விதைக்கப்பட்ட இந்தச் சீமைக் கருவேலம், கண்மாயையும் தரிசையும் அடைத்துக்கொண்டது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. வெட்டினால் ஊருக்கு நன்மை தரும் விறகு உலகில் பல இடங்களில் கிடைக்காது. புதூர், விளாத்திகுளம் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்கி வெளியூருக்கு அனுப்புவதும் இதைத்தான். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் வேம்பார்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மணிக்கணக்கில் நெருப்பு வேண்டும்; அதைச் சிலிண்டரில் செய்தால் கருப்பட்டி விலைக்குக் காஸ் கட்டுபடியாகாது.

பருத்திமாருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்ந்த மாரிலும் ஒட்டியிருக்கும் காயிலும் தங்கி, அடுத்த பருவத்துப் பருத்திக்குப் போகும். மாரை ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்கக் கூடாது என்று வேளாண் துறை சொல்வது இதனால்தான். அடுப்புக்கு முதலில் மாரை எரித்துத் தீருங்கள், வேலிக்கருவை காத்திருக்கட்டும்.

என் தீர்ப்பு இது. கூரைக்குக் கீழே காஸ். விறகு வெளியே, திறந்தவெளியில். புது வீட்டுக்குள் விறகடுப்பு மேடை வேண்டாம், புகைபோக்கி வைத்தாலும் வேண்டாம். வெளியே கட்டும் அடுப்பைக் கவனமாகக் கட்டுங்கள். ஆடி மேல்காற்று நம் பக்கம் வீட்டுக்குள் புகையைத் திருப்பியடிக்கும். ஆகவே வீட்டுக்குக் கிழக்கே, ஜன்னல் இல்லாத சுவருக்கு அப்பால் இடம் பாருங்கள். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இரும்புக் கம்பித் தட்டு வைத்து அதன்மேல் விறகை வைத்தால் அடியிலிருந்து காற்று ஏறும். பானைக்கும் அடுப்புச் சுவருக்கும் இடையே விரல் அகலம் இடைவெளி போதும். பெருங்கட்டையைப் பிளந்து, நுனி மட்டும் எரியும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள்.

உள்ளே காஸ் அடுப்புக்கும் ஜன்னல் வேண்டும். நீலச் சுவாலையும் காற்றைத் தின்று நைட்ரஜன் டை ஆக்சைடை விடும். கசிந்த காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். சிலிண்டரைப் பள்ளத்திலும் அலமாரிக்குள்ளும் வைக்காமல் தரையை ஒட்டிக் காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். இன்றைக்கே அடுப்புக்குப் பின்னால் குனிந்து ரப்பர் டியூப்பில் அச்சிட்டுள்ள ஆண்டைப் படியுங்கள். ஐந்து ஆண்டு கடந்திருந்தால், விரிசல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.