லைட்டைப் போட்டதும் வயர்லெஸ் கரகரக்கிறதா? அவசர வாகன விளக்குகளும் மின்காந்த இரைச்சலும்: விதிகள் சொல்வது என்ன?

தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் போலீஸ் ரோந்து வாகனமோ, தீயணைப்பு வண்டியோ விளக்கைச் சுழலவிட்டு வந்தால் வழிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்த விளக்கு ஒளியை மட்டும் வீசுவதில்லை. சரியாகத் தயாரிக்கப்படாத விளக்கு, கண்ணுக்குத் தெரியாத ரேடியோ இரைச்சலையும் சேர்த்தே வீசும். அதே வண்டியின் கூரையில்தான் வயர்லெஸ் ஆன்டெனாவும் இருக்கிறது.

விளக்கு எரியும் நேரம்தான் அவசர நேரம். கன்ட்ரோல் ரூமின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டிய நேரமும் அதுதான். இதற்கு என்ன விதிகள் இருக்கின்றன? பார்க்கலாம்.

விளக்கிலிருந்து இரைச்சல் எப்படி வருகிறது?

பழைய குண்டு பல்பில் இந்தப் பிரச்னை இல்லை. 12 வோல்ட் கொடுத்தால் இழை சூடாகி எரியும், அவ்வளவுதான். அதைச் சுற்றும் சிறிய மோட்டார்தான் கொஞ்சம் தீப்பொறி இரைச்சல் தரும்.

எல்.இ.டி. அப்படியல்ல. அதற்குச் சீரான மின்னோட்டம் வேண்டும். அதற்காக விளக்குக்குள் 'டிரைவர்' என்ற சிறிய சர்க்யூட் வைக்கிறார்கள். பேட்டரி மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல லட்சம் முறை ஆன்-ஆஃப் செய்துதான் இந்த டிரைவர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு ஆன்-ஆஃபும் எவ்வளவு சடாரென்று நடக்கிறதோ, அவ்வளவு உயர்ந்த அலைவரிசை வரை இரைச்சல் பரவும். எஃப்.எம். ரேடியோவின் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ், அதற்கு மேலே உள்ள வி.எச்.எஃப். வயர்லெஸ் அலைவரிசைகள் எல்லாமே இதில் மாட்டும்.

விளக்குக்குப் போகும் வயர் இன்னொரு சிக்கல். 150 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சரியான ஆன்டெனா நீளம் சுமார் அரை மீட்டர். கூரையில் ஓடும் வயரும் கிட்டத்தட்ட அந்த அளவில் இருந்தால், அதுவே தேவையில்லாத ஆன்டெனா ஆகிவிடும்.

இதனால் என்ன ஆகும்?

டவருக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சிக்னல் வலுவாக இருப்பதால் இரைச்சல் அமுங்கிவிடும். ஆனால், வண்டி டவரை விட்டுத் தள்ளிப் போகப் போக சிக்னல் பலவீனமாகும். அப்போதுதான் இரைச்சல் ஜெயிக்கும். டிரைவருக்கோ, 'இந்த ஏரியாவுல சிக்னல் இல்ல' என்றுதான் தோன்றும். விளக்கின் மீது சந்தேகமே வராது.

கடலில் இது நடந்திருக்கிறது. எல்.இ.டி. விளக்குகள் கப்பல்களின் வி.எச்.எஃப். ரேடியோவைக் கெடுப்பதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு சம்பவத்தில், மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தால் ஒரு கப்பலை வி.எச்.எஃப். ரேடியோவில் தொடர்புகொள்ளவே முடியவில்லை என்றும் அதில் கூறப்பட்டது.

இந்தியாவில் என்ன விதி?

வாகனங்களின் மின்காந்த இரைச்சலுக்கு ஏ.ஐ.எஸ்.-004 (பகுதி 3) என்ற தரநிலை இருக்கிறது. இது ஐ.நா.வின் 10-வது வாகன ஒழுங்குமுறையைத் தழுவியது. இரண்டு விஷயங்களை இது பார்க்கிறது. ஒன்று, வண்டி வெளியே விடும் இரைச்சல். இன்னொன்று, வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வண்டி தாங்குகிறதா என்பது.

இரைச்சலை 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை அளப்பார்கள். 10 மீட்டர் தூரத்தில் ஆன்டெனா வைத்தால், 30 முதல் 75 மெகாஹெர்ட்ஸ் வரை அகலப்பட்டை இரைச்சலுக்கான வரம்பு 32 டெசிபல். அதாவது, மீட்டருக்கு வெறும் 40 மைக்ரோவோல்ட்.

தென் சென்னைக்காரர்களுக்கு இந்தச் சோதனைகள் பக்கத்திலேயே நடக்கின்றன. தாம்பரத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் வரும் ஒரகடத்தில், முழு வாகனத்தையும் உள்ளே நிறுத்திச் சோதிக்கும் வசதியோடு உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தரமணியில் உள்ள மத்திய அரசின் 'சமீர்' மின்காந்தவியல் மையம் மின்னணுச் சாதனங்களைச் சோதிக்கிறது.

அப்புறம் ஏன் பிரச்னை?

இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, சோதனை தூரம். 10 மீட்டர் தள்ளி அளந்தால் பாஸ் ஆகும் விளக்கு, அரை மீட்டரில் இருக்கும் ஆன்டெனாவுக்குத் தொந்தரவாக இருக்கலாம். தூரம் குறையக் குறைய இரைச்சல் பல மடங்கு கூடும்.

அதே வண்டியில் உள்ள ரேடியோவைக் காப்பாற்றுவதற்கென்றே 'சிஸ்பர் 25' என்ற தனி சர்வதேசத் தரநிலை இருக்கிறது. இதில் 1 முதல் 5 வரை வகுப்புகள் உண்டு. 5-ம் வகுப்புதான் மிகக் கண்டிப்பானது. ஆனால், எந்த வகுப்பு வேண்டும் என்பதை வாங்குபவரும் தயாரிப்பவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்குபவர் கேட்காவிட்டால், அப்படி ஒன்று இருப்பதாகவே யாரும் சொல்லப் போவதில்லை.

இரண்டாவது, விளக்கு எங்கே பொருத்தப்படுகிறது என்பது. தொழிற்சாலையில் சோதனை முடிந்து வெளியே வந்த வண்டியில், பிறகு கடையில் வாங்கிய விளக்கைப் பொருத்தினால், பழைய சான்றிதழ் அந்த விளக்கைப் பற்றி எதுவுமே சொல்லாது.

2017 மே 1 முதல் வி.ஐ.பி. வாகனங்களில் சிவப்புச் சுழல் விளக்கு நீக்கப்பட்டது நினைவிருக்கலாம். அது யார் எந்த நிற விளக்கு வைக்கலாம் என்பது பற்றிய விதி. நிறம் சரியாக இருப்பதால் மட்டும் இரைச்சல் இல்லை என்று அர்த்தமாகாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொன்ன எளிய சோதனையை வண்டியிலும் செய்யலாம்:

● எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, வயர்லெஸ்ஸை யாரும் பேசாத சேனலில் வையுங்கள்.

● 'ஸ்குவெல்ச்' குமிழை 'ஸ்ஸ்' சத்தம் வரும் வரை திருப்பி, பிறகு சத்தம் நிற்கும் இடத்திற்கு மெதுவாகக் கொண்டுவாருங்கள்.

● இப்போது விளக்கைப் போடுங்கள். சத்தம் திரும்ப வந்தால், உங்கள் விளக்கு இரைச்சலைக் கூட்டுகிறது என்று அர்த்தம்.

வயர்லெஸ் இல்லாத வண்டி என்றால், லேசாகக் கேட்கும் ஒரு எஃப்.எம். நிலையத்தை வைத்துப் பார்க்கலாம்.

தீர்வு என்ன?

விளக்கையும் ஆன்டெனாவையும் முடிந்தவரை தள்ளி வைப்பது முதல் வழி. லேப்டாப் சார்ஜர் வயரில் உருண்டையாகத் தெரியுமே, அந்த ஃபெரைட் வளையத்தை விளக்கு வயரில் மாட்டலாம். எர்த் வயரைக் குட்டையாக, உறுதியாகப் பொருத்த வேண்டும். இதற்கும் சரியாகவில்லை என்றால், விளக்கை மாற்றுவதுதான் ஒரே வழி.

ஆம்புலன்ஸ் நடத்தும் அறக்கட்டளையோ, வாகனம் வாங்கும் நகராட்சியோ, விலை கேட்கும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. "விளக்கில் '10ஆர்' ஒப்புதல் முத்திரை இருக்கிறதா? சிஸ்பர் 25-ல் எந்த வகுப்பு, அதற்கான சோதனை அறிக்கை எங்கே?" அறிக்கை கையில் இல்லாத விளக்கை, மேலே சொன்ன சோதனையைச் செய்து பார்க்காமல் வண்டியில் ஏற்ற வேண்டாம்.