உண்மை சொன்னவன் பெயர்

பள்ளிக்கூடத்தில் நாம் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் முதல் நீதி, உண்மை பேசு என்பதே. அச்சிறுவன் வளர்ந்து, பட்டம் பெற்று, உத்தியோகத்தில் அமர்ந்து, அங்கு நடக்கும் ஒரு புரட்டைக் கண்டு வாய் திறக்க முற்படுவானாயின், "உனக்கேன் அப்பா இந்த வம்பு?" என்று கேட்பவர்களும் நாமே.

நம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் ஒரு காரியாலயத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து வந்தார். வந்து சேராத சாமான்களுக்குப் பணம் பட்டுவாடா ஆகியிருப்பதைக் கண்டு மேலதிகாரியிடம் சொன்னார். விசாரணை நடக்கவில்லை, அவருக்கு வெளியூர் மாற்றல் உத்தரவுதான் வந்தது. தினந்தோறும் உடனிருந்து உண்ட சகாக்கள் வேறு மேஜைக்குச் சென்றனர். அவருடைய தாயார் நம்மிடம் வந்து, "சார், நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லக்கூடாதா?" என்று கண்ணீர் வடித்தார். நாம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டோம். அந்த மௌனத்தை நினைக்குந்தோறும் இன்றும் நாணமே உண்டாகிறது.

உண்மை சொல்பவன் எவ்வளவு தனியாக நிற்கிறான் என்பதை அறிய, ஸ்ரீ சத்யேந்திர துபேயின் வரலாற்றை நேயர்கள் நினைவுகூர்தல் தகும். பீகாரில் ஒரு கிராமத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்றவர் அவர். டில்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களையும் இணைக்கும் தங்க நாற்கர நெடுஞ்சாலைத் திட்டத்தில் உத்தியோகம் ஏற்றார். பெரிய கண்டிராக்டர்கள் வேலையைத் தகுதியற்ற சிறு கண்டிராக்டர்களிடம் கைமாற்றி விடுவதையும், பொதுப் பணம் விரயமாவதையும் கண்டார். 2002-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் பிரதம மந்திரிக்கே கடிதம் எழுதினார். தம் விவரங்களைத் தனித் தாளில் இணைத்து, பெயரை ரகசியமாக வைத்திருக்க வேண்டுமென்றும் கோரினார்.

அக்கடிதம் இலாகாவிலிருந்து இலாகாவுக்குப் பயணம் செய்தது. எவருக்குத் தெரியக்கூடாதென்று அவர் அஞ்சினாரோ, அவர்கள் இருந்த இடத்துக்கே பெயருடன் போய்ச் சேர்ந்தது. 2003-ஆம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி விடியற்காலையில், கயா நகரில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30. இது வழிப்பறிக்காரர் செய்த கொலை என்பது மத்தியப் புலனாய்வுத் துறையின் முடிவு; 2010-ல் மூவர் ஆயுள் தண்டனை பெற்றனர். கொலையின் காரணம் எதுவாயினும், காக்கும்படி ஒப்படைத்த பெயரைக் காக்கத் தவறிய குற்றம் நீங்குமோ?

இதனால் நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, 2004-ல் இந்திய சர்க்கார் ஒரு தீர்மானம் வெளியிட்டது. அதன்படி மத்திய சர்க்கார் காரியாலயங்களிலும் பொதுத்துறை ஸ்தாபனங்களிலும் நடக்கும் ஊழலைப் பற்றி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் எழுதலாம். பெயர் உள்ளே இருக்க வேண்டும், உறையின்மீது இருக்கலாகாது. மொட்டைக் கடிதத்துக்கு இம்முறையில் இடமில்லை. பின்னர் 2014-ல் பாராளுமன்றம் ஒரு பாதுகாப்புச் சட்டமே இயற்றியது. பெயரை வெளிவிடும் அதிகாரிக்கு 3 வருஷம் வரை சிறைத் தண்டனையும் அதில் உண்டு. ஆயினும், பத்து வருஷம் கழிந்த பின்னும் அச்சட்டம் அமலுக்கு வரும் தேதி அறிவிக்கப்படவில்லை. நெல்லை அளந்து வைத்துவிட்டு உலையேற்ற மறந்ததற்கு ஒப்பாகும் இது.

சட்டம் அமலுக்கு வந்தாலும் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடுமென்று கூறோம். பெயர் மறைந்திருப்பினும், அந்தக் கணக்கை அறிந்தவர் இருவரோ மூவரோதான் எனில், சொன்னவர் யார் என்று ஊகிப்பது அரிதன்று. பதவி உயர்வு தள்ளிப்போகும்; பழைய சிறு பிழைகள் கிளறப்படும்; "காட்டிக் கொடுத்தவன்" என்ற பட்டம் வரும். ஆகையால், சொல்லப் புகுவோர் தாம் நேரிற் கண்டதை மட்டும் தேதியுடன் குறித்து வைப்பதும், ஆத்திரத்தில் ஒரு சொல்லும் மிகைபடக் கூறாதிருப்பதும் அவசியம். பிறர்மீதுள்ள பகையைத் தீர்த்துக்கொள்ள இவ்வழியை நாடுவோரும் உண்டு. அவர்களால் உண்மை சொல்பவனுக்கே கேடு விளைகிறது.

எனினும், காரியாலயத்தில் தனித்து நிற்பவனுக்கு வீடாவது துணை நிற்க வேண்டாமா? சம்பளம் குறையுமே என்ற கவலை இயல்பானது. அதை நாம் இகழவில்லை. ஆனால் அந்தக் கவலையை மாத்திரம் அவன் காதில் ஓதி, அவன் செய்தது நியாயம் என்ற ஒரு வார்த்தையை மறைத்துவிடுகிறோம். சுயராஜ்யம் பெற்ற தேசத்தில் பொதுப் பணம் நம் வீட்டுப் பணமே. அதைக் காக்கப் போனவனை நம் வீட்டிலேயே குற்றவாளியாக்குதல் தகுமா?

அன்று அத்தாயாரிடம் நாம் சொல்லத் தவறியது இதுதான்: "அம்மா, உங்கள் பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது. அவனுக்கு இப்போது வேண்டியது நம் துணை."