கூப்பிடு தூரம்

1990-களின் நடுவில் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணம். பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் வழி கேட்டேன். பெஞ்சில் இருந்த நாலு பேரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்கள்.

"நேரா போனா ஒரு ஆலமரம் வரும். அங்க திரும்பிடாதீங்க" என்றார் ஒருவர். "டூரிங் கொட்டகை இருந்துச்சில்ல, அங்க சோத்துக்கைப் பக்கம்" என்றார் அடுத்தவர். கொட்டகையை எடுத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டதாம், எனக்கெப்படித் தெரியும்?

"எவ்வளவு தூரம்ணே?"

"கூப்பிடு தூரந்தான்."

முக்கால் மணி நேரம் நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வழி கேட்டு வந்தவனைத் 'தெரியாது' என்று வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனசு வராது. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு வழி சொல்லித்தான் அனுப்புவார்கள்.

சென்னை மட்டும் ஒழுங்கா? மவுண்ட் ரோடு அண்ணா சாலையாகி எத்தனையோ காலம். ஸ்டுடியோ போனபிறகும் அந்த இடம் ஜெமினிதான். வீட்டு எண்ணிலோ பழையது ஒன்று, புதியது ஒன்று. 27-ஐத் தேடிப் போனால் தெருவில் இரண்டு 27 இருக்கும். நமக்கு வேண்டியது எப்போதும் மற்றது.

இப்போது போனில் ஓர் அம்மணி வழி சொல்கிறார். சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நாலு கண்ணில் பட்டால்தான் அவருக்கு நாம் நிற்கும் இடம் சரியாகத் தெரியும். கத்திப்பாராவில்தான் அவர் சாயம் வெளுக்கிறது. நாம் பாலத்தின் மேலா கீழா என்பதில் அவருக்கே குழப்பம். "வலப்பக்கம் திரும்பவும்" என்பதற்குள் அந்த வளைவு போய்விட்டது. பூந்தமல்லிக்குக் கிளம்பிய நான் விமான நிலைய வாசலைப் பார்த்தேன். டீக்கடை அண்ணனாக இருந்தால் "என்ன சார், சொன்னேன்ல" என்று திட்டியிருப்பார். இந்த அம்மா கோபமே படாமல் வேறு வழி போடுகிறார். எனக்கு அதுதான் எரிச்சல்.

போன வாரம் சாப்பாடு கொண்டுவந்த தம்பி கூப்பிட்டான். "அண்ணே, லொகேஷன்லதான் நிக்கிறேன், வீட்டைக் காணோம்." அவன் நின்றது பின்தெருவில். என்னையறியாமல் வாயில் வந்தது: "தம்பி, பிள்ளையார் கோயில் தாண்டி வா. ஒரு வேப்பமரம் வரும், அங்க திரும்பிடாத." ரெண்டே நிமிஷத்தில் சாம்பார் சூடாக வந்து சேர்ந்தது.

நீங்களும் ஒருநாள் வாருங்கள். இஸ்திரி வண்டிக்கு எதிர்வீடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு வண்டி இருக்காது.