கேம் ஷாஃப்ட் கியரின் கோட்டமும் அதைக் கண்டறியும் முறையும்

கேம் ஷாஃப்ட் கியர் என்பது நான்கு வீச்சு எஞ்சினில், கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைக் கேம் ஷாஃப்டுக்குக் கொண்டுசேர்க்கும் பல்சக்கரம் ஆகும். பட்டறைகளில் இதை டைமிங் கியர் என்றும் சொல்வார்கள். இது தன் தளத்தில் நேராகச் சுழலாமல் பக்கவாட்டில் அசைந்து அசைந்து சுழன்றால் அதைக் 'கோட்டம்' என்கிறோம். சைக்கிள் கடையில் 'ரிம்மில் கோட்டம் எடுக்க வேண்டும்' என்று சொல்லும் அதே சொல்தான். ஆனால் சைக்கிள் ரிம்மைக் கம்பிகளை முறுக்கி நேராக்கிவிடலாம். கேம் கியரில் அது நடக்காது. கோட்டத்தின் காரணத்தைக் கண்டறியாமல் கியரை மட்டும் மாற்றினால், புதிய கியரும் அதேபோல ஆடக்கூடும்.

கியரின் வேலை

நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அமுக்கல், வெடிப்பு, வெளியேற்றல் ஆகிய நான்கும் முடிய கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூட வேண்டும். ஆகவே கேம் ஷாஃப்ட் பாதி வேகத்தில் சுழல்கிறது. கேம் கியரின் பற்கள் கிராங்க் கியரின் பற்களைப்போல் இரு மடங்கு இருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் கேம் ஷாஃப்ட் 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று. கோட்டம் உள்ள கியர் நொடிக்கு 25 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது என்று பொருள்.

இரு கியர்களையும் இணைக்க மூன்று வழிகள் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வாடகைக் கார் நிலையங்களில் நீண்டகாலம் நின்ற அம்பாசடர் காரின் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினில் இருந்தது செயின். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, 1998-இல் அறிமுகமான டாடா இண்டிகாவின் டீசல் எஞ்சின் ஆகியவற்றில் பல் வைத்த ரப்பர் பெல்ட். வயலில் தண்ணீர் இறைக்கும் ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின்களில் பெரும்பாலும் கியருடன் கியர் நேரடியாகப் பொருந்தும். கோட்டத்தைக் கண்டறியும் அடிப்படை மூன்றுக்கும் ஒன்றே.

ஆட்டத்தின் நான்கு வகைகள்

கண்ணுக்கு 'ஆடுகிறது' என்று மட்டுமே தெரியும். அது நான்கில் எது என்று பிரிப்பதே கண்டறிதலின் பாதி வேலை.

1. பக்கவாட்டுக் கோட்டம்: கியரின் முகம் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக இல்லை. விளிம்பு ஓரிடத்தில் முன்னேயும் எதிர்ப்பக்கத்தில் பின்னேயும் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே அளவு தெரியும்.

2. மையப் பிறழ்வு: கியரின் மையமும் சுழலும் மையமும் ஒன்றாக இல்லை. கியர் மேலும் கீழும் ஏறி இறங்கும். செயின் அல்லது பெல்ட் ஒரு சுற்றில் ஒரு முறை இறுகி ஒரு முறை தளரும்.

3. முன்பின் ஆட்டம்: ஷாஃப்டே நீளவாக்கில் நகர்கிறது. இது கியரின் எந்த ஓர் இடத்தோடும் கட்டுப்பட்டதல்ல. ஷாஃப்டை முன்பின் நகராமல் பிடிக்கும் தட்டு தேய்ந்திருப்பதே வழக்கமான காரணம்.

4. பேரிங் தேய்மானம்: எஞ்சின் நின்றிருக்கும்போது கியரைக் கையால் மேல்நோக்கித் தூக்கினால் ஷாஃப்டும் சேர்ந்து எழும்பும்.

சிறு தூசி செய்யும் வேலை

பக்கவாட்டுக் கோட்டத்துக்கு எளிய காரணம், கியர் உட்காரும் முகத்தில் சிக்கிய தூசி அல்லது பிசிறு. உட்காரும் முகத்தின் விட்டம் 30 மி.மீ., கியரின் விட்டம் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முகத்தின் ஓர் ஓரத்தில் 0.05 மி.மீ. பருமனுள்ள துகள் சிக்கினால், விளிம்பில் அது நான்கு மடங்காகி 0.2 மி.மீ. கோட்டமாகத் தெரியும். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய துகளே இதற்குப் போதும். வளைந்த கியர், வளைந்த ஷாஃப்ட் முனை, சரியாக உட்காராத கீ அல்லது பின், தளர்ந்த போல்ட் ஆகியவை மற்ற காரணங்கள்.

எது உண்மையான ஆபத்து?

கோட்டம் இருந்தால் டைமிங் கெட்டுவிடும் என்பது பொதுவான அச்சம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மி.மீ. ஆரமுள்ள கியரின் மையம் 0.1 மி.மீ. விலகினால் கோணப் பிழை 0.1 ÷ 50 = 0.002 ரேடியன், அதாவது கேம் ஷாஃப்டில் சுமார் 0.1 டிகிரி, கிராங்க் ஷாஃப்டில் சுமார் 0.2 டிகிரி. வண்டி ஓட்டுபவர் இதை உணரவே மாட்டார்.

இப்போது வேறொன்று. ஷாஃப்ட் முனையின் ஆரம் 12.5 மி.மீ. அதிலுள்ள கீ தேய்ந்து 0.5 மி.மீ. இடைவெளி விழுந்திருக்கிறது. கோணப் பிழை 0.5 ÷ 12.5 = 0.04 ரேடியன், கேம் ஷாஃப்டில் ஏறத்தாழ 2.3 டிகிரி, கிராங்கில் 4.6 டிகிரி. இது வால்வு திறக்கும் நேரத்தையே மாற்றும். கீ மேலும் தேய்ந்து அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன் ஓடிக்கொண்டிருக்கும். டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் மேல்முனைக்கு வரும்போது திறந்திருக்கும் வால்வுக்கு இடமில்லை. வால்வு வளையும், பிஸ்டன் உடையவும் கூடும். ஆகவே கண்ணில் படும் சிறு கோட்டத்தைவிட, அது காட்டிக்கொடுக்கும் தளர்ச்சியே பெரிய ஆபத்து.

அறிகுறிகள்

எஞ்சினின் முன்மூடிப் பகுதியிலிருந்து தட்டும் ஒலி, பெல்ட்டின் ஓர் ஓரம் மட்டும் நைந்துபோதல், முன்பக்க ஆயில் சீலில் கசிவு, டைமிங் விளக்கு அடித்துப் பார்க்கும்போது குறி ஒரே இடத்தில் நிற்காமல் அலைதல் ஆகியவை அறிகுறிகள். ஒலியை மட்டும் நம்பக் கூடாது. டேப்பட் இடைவெளி கூடினாலும் ஒலி கேம் ஷாஃப்டின் வேகத்திலேயே வரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தால் ஒலி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் குற்றவாளி டேப்பட்தான்.

வேறு பாகத்தின் ஆட்டமும் ஏமாற்றும். கிராங்க் புல்லியின் ரப்பர் வளையம் பிரிந்தாலும், பெல்ட் டென்ஷனர் பேரிங் தேய்ந்தாலும் கேம் கியர் ஆடுவதுபோலத் தோன்றும். கைப்பேசியில் எடுத்த படத்தில் வேகமாகச் சுழலும் சக்கரம் வளைந்து தெரிவதும் உண்டு. அது கேமராவின் இயல்பு.

சோதிக்கும் முறை

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எளிதாகச் சுற்றும். முன்மூடியை எடுத்த பிறகு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றக் கூடாது.

கம்பி முறை: ஒரு கம்பியை எஞ்சினில் அசையாமல் கட்டி, அதன் முனையைக் கியர் விளிம்புக்கு அருகில் நிறுத்தவும். கியரில் சுண்ணாம்புக் கட்டியால் 0, 90, 180, 270 டிகிரியில் நான்கு குறிகள் இடவும். கேம் கியர் ஒரு முழுச் சுற்று வர, கிராங்கை இரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு குறியிலும் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கவும். மாணவர்கள் இதைக் கவிழ்த்து வைத்த சைக்கிள் சக்கரத்தில் செய்து பழகலாம்.

டயல் கேஜ் முறை: டயல் கேஜின் முனையை விளிம்புக்கு அருகே முகத்தில் வைத்துப் பூஜ்யம் ஆக்கவும். ஒவ்வொரு அளவும் எடுக்கும் முன் ஷாஃப்டைப் பின்நோக்கித் தள்ளிப் பிடிக்க வேண்டும். இல்லையேல் முன்பின் ஆட்டமும் அளவில் கலந்துவிடும். உதாரணமாக 0, 0.11, 0.20, 0.09 மி.மீ. என்று வந்தால் மொத்தக் கோட்டம் 0.20 மி.மீ. இரண்டாம் சுற்றிலும் அதே குறிகளில் அதே அளவுகள் வந்தால் அது கோட்டம். அளவுகள் மாறிமாறி வந்தால் முன்பின் ஆட்டத்தைத் தனியாக அளக்க வேண்டும். அம்பாசடரில் இருந்த பி.எம்.சி. பி வகை எஞ்சினுக்கு அந்த ஆட்டம் 0.003 முதல் 0.007 அங்குலம், அதாவது சுமார் 0.08 முதல் 0.18 மி.மீ. வரை இருக்கலாம். பிற எஞ்சின்களுக்கு அவற்றின் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

கியரா, ஷாஃப்டா?

கோட்டம் உறுதியானதும் கியரைக் கழற்றி, டயல் கேஜை ஷாஃப்டின் முனையிலும் கியர் உட்காரும் முகத்திலும் வைத்துச் சுற்றவும். அங்கேயே அளவு மாறினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. ஷாஃப்ட் நேராக இருந்தால் கியரைக் கண்ணாடித் தகட்டின்மேல் படுக்க வைத்து, ஃபீலர் கேஜ் எங்காவது நுழைகிறதா என்று பார்க்கலாம். இரண்டும் நேராக இருந்தால் பழுது பொருத்தத்தில்தான்: தூசி, பிசிறு, கீ, போல்ட். பல நேரங்களில் முகங்களைத் துடைத்து, புதிய கீ போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினாலே கோட்டம் போய்விடும்.

கியரைச் சுத்தியலால் அடித்து நேராக்கவோ, அடித்து ஏற்றவோ கூடாது. செயின் தேய்ந்திருந்தால் இரு கியர்களையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் நீடிக்காது. பொருத்தியபின் கிராங்கைக் கையால் இரு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வயல் எஞ்சினில் கவனிக்க வேண்டியவை

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும். தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் குறுவை நாற்றங்கால் ஃபில்டர் பாயிண்ட் தண்ணீரை நம்பியே நிற்கும். அந்த நாட்களில் 'கொஞ்சம் சத்தம்தானே, இன்னும் நாலு நாள் ஓடட்டும்' என்று ஆயில் எஞ்சினை ஓட்டுவது இயல்பு. ஒலி பல நாளாக ஒரே மாதிரி இருந்தால் டேப்பட்டைச் சரிபார்த்துவிட்டு ஓட்டலாம். ஒலி நாளுக்கு நாள் கூடினாலோ, புகை கறுத்தாலோ, ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டாலோ உடனே நிறுத்தி மூடியைத் திறக்க வேண்டும். ஒரு கீ மாற்றுவதற்கு ஒருநாள் போதும். உடைந்த பிஸ்டனுக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும், அதுவரை நாற்று காத்திருக்காது. ஓடும் எஞ்சினின் அருகே குனிந்து பார்க்கும்போது தோளில் கிடக்கும் துண்டையும் வேட்டி நுனியையும் பெல்ட்டுக்கு எட்டாமல் ஒதுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.