வில்லும் பந்தும்

“இசையா, ஆட்டமா? இரண்டில் ஒன்றை விடு!” என்று வீட்டார் அதட்டும் பருவம் ஒன்று உண்டு. வயலின் வில்லையும் கால்பந்தையும் ஒருங்கே விரும்பும் இளைஞன் எதை விடுவான்? எதையும் விட வேண்டியதில்லை. முறையறிந்து இரண்டையும் கொள்ளலாம் என்பதே அறிவியல் தரும் விடை.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லையூர்களில் இவ்விரு விருப்பங்களும் இயல்பாக வளர்கின்றன. 2006-இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதற் பெண்மணி பாறசாலைப் பொன்னம்மாள். நெய்யாற்றின்கரை வாசுதேவனின் இசையை அறியாதார் யார்? அதே வட்டத்துக் கடற்கரையிலுள்ள பொழியூரோ, சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர் பலரைத் தந்த மீனவர் ஊர்.

முதலில் விரலைக் காக்க வேண்டும். விரைந்து வரும் பந்து விரல் நுனியில் மோதினால், நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்துபோகக் கூடும். பிறகு ஆறு முதல் எட்டு வாரம் அவ்விரல் நுனியை வளையாதபடி பட்டை வைத்துக் கட்ட வேண்டும். தந்தியை அழுத்தும் விரலுக்கு இது எத்துணைப் பெரிய இழப்பு! ஆகவே வயலின் பயில்வோர் கால்பந்தில் தாராளமாக ஓடலாம். கோல் காக்க மட்டும் நிற்க வேண்டா. கைப்பந்தில் இந்த இடர் மிகுதி.

அடுத்து, எது முன், எது பின்? நெஞ்சு படபடக்க ஓடி வந்தவன் கையில் வில் சீராக ஓடாது. ஆதலால் இசை முன், ஆட்டம் பின். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012-இல் வெளிவந்த கோபன்ஹேகன் ஆய்வில், திரையில் நகரும் கோட்டைக் கையசைவால் பின்தொடரச் சிலர் பழகினர். பழகியவுடன் கடுமையாக மிதிவண்டி மிதித்தவர்கள், ஏழு நாள் கழித்தும் அத்திறனை மற்றவரைவிட நன்கு நினைவில் வைத்திருந்தனர். அது வயலின் அன்று, எனினும் கைத்திறனே. ஆட்டம் பயிற்சிக்குப் பகையன்று, துணையாகலாம் என்பதற்கு இது சான்றன்றோ?

சோவியத் இசைமேதை சொஸ்டகோவிச் கால்பந்துப் பித்தர். 1930-இல் அரங்கேறிய அவருடைய ‘பொற்காலம்’ என்னும் பாலே, ஒரு கால்பந்துக் குழுவைப் பற்றியதே. பந்தின்மேல் வைத்த காதல் அவர் இசையைக் கெடுத்ததா?

ஒன்று மட்டும் மறத்தலாகாது. தனிப் பயிற்சியின் நேரம் நம்முடையது. இசைக்குழு ஒத்திகையின் நேரம் எல்லாருடையது. பந்தயத்துக்கென ஒருவன் ஒத்திகைக்கு வாராவிடின், குழு முழுதும் தடுமாறும். ஒத்திகைக்கென அவன் பந்தயத்துக்கு வாராவிடினும் நிலை அதுவே. ஆகையால் இரண்டின் நாட்களையும் பருவத் தொடக்கத்திலேயே இரு ஆசிரியர்க்கும் எழுதிக் கொடுத்துவிடுக. மோதும் நாட்கள் சிலவே என்பது அப்போது புலப்படும். அச்சில நாட்களுக்காக ஓர் இளைஞனின் பாதி மகிழ்ச்சியைப் பறிப்பது முறையாகுமா?