மேய்ச்சலும் ஒரு பராமரிப்பே

கால்நடைகள் புகுந்தால் பசுமை அழியும் என்பது பொதுவான எண்ணம். மிகையான மேய்ச்சலைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயினும், மேய்ச்சலை அறவே நிறுத்துவதும் கேடாக முடியலாம் என்பதற்கு இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா சான்றாக விளங்குகிறது.

ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்காவில் ஆழமற்ற நீர்நிலைகளும் புல்வெளிகளும் கலந்துள்ளன. சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் எருமைகளும் மாடுகளும் நெடுங்காலமாக இங்கு மேய்ந்துவந்தன. பறவைகளின் நலன் கருதி, 1982ஆம் ஆண்டில் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. கிராம மக்கள் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்புகளும் நேர்ந்தன.

பின்னர் நிகழ்ந்ததோ, தடையின் நோக்கத்துக்கே மாறானது. எருமைகள் நீரில் இறங்கித் தின்றுவந்த பாஸ்பேலம் என்னும் புல், தின்பாரின்றி நீர்ப்பரப்பில் அடர்ந்து படர்ந்தது. திறந்த நீர் குறுகவே, மீன்களுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு, எருமைகளின் மேய்ச்சல் அச்சதுப்பு நிலத்துக்கு நன்மை பயத்ததை எடுத்துக்காட்டியது. புல்லை அறுத்துச் செல்லக் கிராமத்தாருக்குப் பின்னர் அனுமதியும் வழங்கப்பட்டது.

இதன் அடிப்படை எளியது. புல்லின் வளர்முனை நிலத்தை ஒட்டி இருப்பதால், மேல்தாள் கடிபட்டாலும் அது மீண்டும் தழைக்கும். நுனியில் வளரும் புதர்க்கன்றுகளோ கடிபட்டால் பின்தங்கும். காய்ந்த தாள் அகல்வதால் தளிருக்கு வெளிச்சம் கிடைக்கிறது. தீப்பரவலுக்கான வாய்ப்பும் குறைகிறது. மாடு புல்லை நாடும். வெள்ளாடு புதர்த்தழையை நாடும். எருமை நீருக்குள்ளும் இறங்கி மேயும். எனவே, கட்டுப்படுத்த வேண்டிய செடியைப் பொறுத்தே கால்நடையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

எத்தனை கால்நடைகள், எப்பருவத்தில், எத்தனை நாள் என்பவையும் இன்றியமையாதவை. முதல் மழைக்குப் பின் துளிர்க்கும் புல்லுக்கு ஓய்வு தேவை. நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய்த்தல் நன்று. சீமைக் கருவேல நெற்றுகளைத் தின்னும் கால்நடைகள் சாணத்தின் வழியே விதையைப் பரப்பும். ஆதலால், நெற்று உதிரும் பருவத்தில் அம்மரங்களிடையே மேய்த்தலைத் தவிர்க்க வேண்டும்.

கால்நடை வளர்ப்போருக்கும் இன்று கிசான் கிரெடிட் கார்டு வசதி உண்டு. கடன் பெற்று மந்தையைப் பெருக்குமுன், மேய்ச்சல் நிலத்தின் தாங்குதிறனையும் கணக்கிடுதல் நலம். புல்லின் வேரும் அடித்தாளும் முதல், மேல்தழை வட்டி. வட்டியை மட்டும் உண்ணும் மந்தைக்கு நிலம் ஆண்டுதோறும் ஈடுகொடுக்கும்.